புகைப்பனியை ஆராய்ந்த அறிஞர்

உணவின்றிச் சில நாள் வாழலாம். காற்றின்றிச் சிறிது நேரமும் வாழ்தல் அரிது. அத்தகைய காற்று ஒரு மாநகரில் நஞ்சாக மாறியபோது, அதன் காரணத்தைக் கண்டு உலகுக்குக் காட்டியவர் ஆரி யான் ஹாகன் ஸ்மிட் என்னும் அறிஞர்.

அவர் ஹாலந்து நாட்டின் யூட்ரெக்ட் நகரில் 1900-ஆம் ஆண்டு பிறந்தார்; அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே பயின்று வேதியியலில் புலமை பெற்றார். 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் மாநகருக்கு அருகிலுள்ள பாசடீனாவில், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியேற்றார். பூவுக்கு மணமும் கனிக்குச் சுவையும் தரும் பொருள்களை ஆராய்வது அவருக்கு உவப்பான வேலையாகும். அன்னாசிப் பழத்தின் மணத்தைக் குளிரச் செய்து, துளிகளாகப் பிரித்தெடுப்பதில் அவர் வல்லவர்.

1943-ஆம் ஆண்டுக் கோடையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைப் பழுப்பு நிறப் புகைப்பனி சூழ்ந்தது. மக்கள் கண்ணெரிச்சலால் வருந்தினர். போர்க்காலமாதலின், பகைவர் நச்சுப்புகை வீசினரோ என்று அஞ்சியவரும் உண்டு. பின்னரும் அப்புகை அடிக்கடி வந்தது. இலைப் பயிர்கள் கெட்டன. ஆலைப் புகையே காரணம் எனப் பலர் எண்ணினர்.

1948-ஆம் ஆண்டில் ஹாகன் ஸ்மிட், கனியின் மணத்தைப் பிரித்த முறையாலேயே நகரக் காற்றையும் ஆராய்ந்தார். ஏராளமான காற்றிலிருந்து நாற்றம் மிக்க சில துளிகளே கிடைத்தன. அவற்றைக் கொண்டு அவர் உண்மையை உணர்ந்தார். முற்றும் எரியாத எண்ணெய் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் கலந்து ஓசோன் முதலிய நச்சுகளாகின்றன. அவ்வாவி எண்ணெய் ஆலைகளிலிருந்தும் மோட்டார் வண்டிகளிலிருந்தும் வருகின்றது.

எண்ணெய்த் தொழிலார் உதவியுடன் ஆராய்ந்தவர்கள் இம்முடிவை மறுத்தனர். தம் ஆய்வு பழிக்கப்பட்டதை அவர் பொறுத்திலர். ஆயினும் சினத்தால் வாதிடாமல், மணங்களைப் பற்றிய இனிய ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துச் சோதனையில் இறங்கினார். ஓசோன் இழுத்துக் கட்டிய ரப்பரை வெடிக்கச் செய்யும். எண்ணெய் ஆவியையும் நைட்ரஜன் ஆக்ஸைடையும் ஒளியில் வைத்து, அதில் ரப்பர் வெடிப்பதை அவர் காட்டினார். 1952-ஆம் ஆண்டு தம் முடிவுகளை விரிவாக வெளியிட்டார்.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் தேடினர். எந்திரத்தின் சிலிண்டருள் எரியும் வாயுவில் ஒரு பகுதி, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழுள்ள கிராங்குப் பெட்டியில் இறங்குகின்றது. முன்னாளில் அதனை ஒரு குழாய் வழியே வெளியே விட்டனர். வண்டி கக்கும் எரியாத ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியே வந்தது. அக்குழாயை அடைத்து, ஒரு வால்வின் வழியே வாயுவை மீண்டும் எந்திரமே உறிஞ்சி எரிக்குமாறு செய்தனர். கலிபோர்னியாவில் 1961-ஆம் ஆண்டு வண்டிகளிலும், அமெரிக்கா முழுவதும் 1963-ஆம் ஆண்டு வண்டிகளிலும் இவ்வமைப்பு இடம்பெற்றது. இதனால் காற்று தூய்மையுற்றதோடு, எந்திர எண்ணெயும் விரைவில் கெடாமல் நின்றது.

1966-ஆம் ஆண்டு வண்டிகள் பலவற்றில் காற்றுப் பம்பும் சேர்ந்தது. எந்திரத்தின் வாரால் சுழலும் அப்பம்பு, சூடான புகைவாயிலில் புதுக் காற்றைச் செலுத்தும். எஞ்சிய ஆவி அங்கேயே எரியும். வேகத்தை விரும்பியோர் சிலர், ஆற்றல் குறையும் என்று கருதி அவ்வாரைக் கழற்றினர். பம்பு கொள்ளும் ஆற்றலோ சிறிதே. அதனைக் கழற்றுவதால் பிறர்க்கு விளையும் தீங்கோ பெரிது.

1968-ஆம் ஆண்டு, கலிபோர்னியாக் காற்று வளக் கழகத்தின் முதல் தலைவராக ஹாகன் ஸ்மிட் அமர்ந்தார். 1977-ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார். அந்நகரின் புகைப்பனி முற்றும் ஒழிந்திலது. எனினும் அதன் பழைய கொடுமை தணிந்தது. பெட்ரோல் வண்டிகளில் அச்சிறு வால்வு இன்றும் தன் பணியைச் செய்கின்றது.

நறுமணத்தை நாடிய அறிஞர், மக்கள் நலன் கருதித் தீநாற்றத்தை ஆராயத் துணிந்தார். தமக்கு இனியதை விடுத்துப் பிறர்க்கு வேண்டியதைச் செய்தலே கற்றோர்க்கு அழகாகும்.