பரங்கிமலை ஆசிரியர் எம்.சி. ராஜாவும் நம் கோடைக்கால நூலகங்களும்

கோடை விடுமுறையில் பொது நூலகங்கள் குழந்தைகளுக்கெனக் கதைசொல்லல், ஓவியம், வாசிப்பு முகாம்களை நடத்துகின்றன. எவருக்கும் அங்கே தடையில்லை என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர்க் குழந்தைகளுள் எத்தனை பேர் அங்கே அமர்ந்திருக்கின்றனர் என்று நாம் கேட்டாக வேண்டும். இதே தென்சென்னைப் புறநகரில் பிறந்த ஓர் ஆசிரியரின் வாழ்க்கை அக்கேள்வியைத் தெளிவாக்குகிறது.

எம்.சி. ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரி, அன்று ஜார்ஜ் டவுனில் இயங்கியது. பட்டம் பெற்று ஆசிரியரான அவர் பாடநூல்கள் எழுதினார், ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து மழலையருக்கான பாடல் நூலொன்றையும் வெளியிட்டார். நம் குழந்தைகளை மாணவராக ஏற்கவே பள்ளிகள் மறுத்த காலத்தில், நம்மவர் ஒருவர் பாடநூலாசிரியராக விளங்கினார்.

1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920இல் மாகாணச் சட்டசபையில் இடம்பெற்ற அவர், 1922இல் இழிசொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கச் செய்தார். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடத் தொழிலாளரை நடத்திய விதம் அவரைக் கட்சியிலிருந்து விலக வைத்தது. பின்னர் மத்திய சட்டசபையிலும் பணியாற்றினார். 1932இல் மூஞ்சேவுடன் அவர் செய்த உடன்பாடு அம்பேத்கரின் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கைக்கு எதிரானது. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை இருவரும் சேர்ந்தே சந்தித்தனர். மறு ஆண்டு ராஜா மறைந்தார்.

அவர் காலத்தில் பல பள்ளிகள் பொதுப்பணத்தில் நடந்தும், அக்ரகாரத்திலும் ஊர்ச்சாவடியிலும் கோயிலை ஒட்டியும் அமைந்திருந்தன. சேரிக் குழந்தையால் அங்கே கால்வைக்க இயலவில்லை. சேர்க்கை விதி அனுமதித்ததைப் பள்ளியின் இருப்பிடம் மறுத்தது. அதனால்தான் அத்தலைமுறைத் தலைவர்கள் அனுமதி ஆணையோடு நிற்காமல், சேரிக்கு அருகே பள்ளி, கட்டணச் சலுகை, உதவித்தொகை, விடுதி எனக் கேட்டனர்.

இன்று நூலக வாசலில் எவரும் சாதி கேட்பதில்லை. ஆனால் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பத்தின் குழந்தைக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நெடுந்தொலைவில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு முகாம் தொடங்குகையில் பெற்றோர் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ சென்றிருப்பர். அழைத்துச் செல்ல ஆளில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியால் தனியே கிளம்பவும் இயலாது. இணையவழிப் பதிவு, உறுப்பினர் வைப்புத்தொகை, முகவரிச் சான்று ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டாக உயர்கிறது.

சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வழியாக அதன் சுமையில் ஒரு பங்கை ஏழைக் குடும்பங்களும் ஏற்கின்றன. எனவே நாம் கேட்பது சலுகையன்று. மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குள்ளேயே முகாம்கள் நடக்க வேண்டும். மாலை நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். கைக்குழந்தையோடு வரும் அக்காவுக்கும் இடம் வேண்டும். மதிய உணவும், வைப்புத்தொகையின்றி வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்லும் உரிமையும் வேண்டும். முகாமை நடத்தும் பணி அப்பகுதி இளைஞருக்கே ஊதியத்துடன் தரப்பட வேண்டும். எந்தெந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை குழந்தைகள் வந்தனர் என்பதை நூலகத்துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தாம்பரம் முதல் சோழிங்கநல்லூர் வரையுள்ள கல்லூரி மாணவர்கள், அடுத்த கோடைக்கு முன்பே தம் பகுதிக் கிளை நூலகரைச் சந்தித்து இக்கணக்கைக் கேட்கலாம். அக்கணக்கு இல்லையெனில், அதனை எழுதத் தொடங்குவதே நம் முதற்பணி.