காவடிக்குப் பாட்டுத் தந்த கவிஞர்

தோளிலே காவடி. காலிலே புழுதி. வாயிலே பாட்டு!

சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. இரண்டு பக்கமும் பனை மரங்கள். நடுவே செம்மண் தேரி. வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். கால் சோர்ந்து போகும். அப்போது கூட்டத்தில் ஒருவர் சிந்து எடுப்பார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சோர்ந்த கால் மறுபடியும் தாளத்தில் விழும்.

நடக்கிறவர்களின் களைப்புத் தீரப் பிறந்தது இந்தப் பாட்டு. அதை எடுத்து, பெரும் புலவர்களும் தலை அசைத்துக் கேட்கும் இலக்கியமாக ஆக்கினார் ஒரு கவிஞர். அவர் இந்த உலகில் வாழ்ந்தது இருபத்தாறே ஆண்டுகள்!

அவர்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

கரிசல் சீமையின் பிள்ளை

பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருக்கிறது சென்னிகுளம். பக்கத்து ஊர் கரிவலம்வந்தநல்லூர். இப்போது இவை தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவை.

அந்தச் சென்னிகுளத்தில் 1865-ல் அண்ணாமலை பிறந்தார். தந்தை சென்னவ ரெட்டியார். தாய் ஓவு அம்மாள்.

கற்றவர்களுக்குக் குறைவு இல்லாத சீமை அது. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், சேற்றூர், சிவகிரி என்று நான்கு திசையிலும் தமிழ் மணம் வீசிய காலம். கோவில்களில் புராணம் படிப்பார்கள். ஜமீன்களில் புலவர்களை ஆதரிப்பார்கள். சிறுவன் அண்ணாமலையின் காதில் தமிழ் விழுந்துகொண்டே இருந்தது.

சேற்றூர் இராமசாமிக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார். அதோடு ஆசை அடங்கவில்லை. சோழ நாட்டுக்குப் புறப்பட்டார். திருவாவடுதுறை ஆதீனம் அந்நாளில் தமிழ்க் கல்விக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றிய உ. வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பும் கிடைத்தது.

இலக்கணம் கைவந்தது. யாப்பு வசப்பட்டது. இனி வேண்டியது ஒரு புரவலர்.

ஊற்றுமலை அரண்மனையில்

புலவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்தக் காலத்தில் அலுவலகம் ஏது? ஜமீன்தார்களும் மடங்களும்தான் அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

நெல்லைச் சீமையின் ஜமீன்களில் ஊற்றுமலை பெயர் பெற்றது. அதன் அரண்மனை இருந்த ஊர் வீரகேரளம்புதூர். ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தமிழை நேசித்தவர். சாமிநாதையரின் நண்பராகவும் விளங்கியவர்.

இளைஞர் அண்ணாமலை அங்கே போய்ச் சேர்ந்தார். ஜமீன்தார் அவருடைய திறமையைக் கண்டார். அவைப் புலவராக வைத்துக்கொண்டார்.

அண்ணாமலையின் பேனா ஓயவில்லை. வீரைத் தலபுராணம், நவநீத கிருஷ்ணன் பிள்ளைத்தமிழ், சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, கோமதி அந்தாதி ஆகிய நூல்கள் பிறந்தன. வீரை என்பது வீரகேரளம்புதூர். கருவை என்பது கரிவலம்வந்தநல்லூர். கோமதி என்பது சங்கரன்கோவிலில் குடிகொண்ட அம்மன். தாம் நடந்து பழகிய ஊர்களையே அவர் பாடினார்.

இவற்றில் திரிபந்தாதி என்பது மிகக் கடினமான வேலை. ஒரு பாட்டின் நான்கு அடிகளிலும் முதல் எழுத்து மட்டும் மாறும். அதை அடுத்து வரும் எழுத்துகள் ஒன்றுபோல ஒலிக்கும். ஆனால் பொருள் வேறு வேறாக இருக்கும். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டுத் தொடங்கவும் வேண்டும். கயிற்றின் மேல் நடப்பது போன்ற வித்தை! அதையும் இளம் வயதிலேயே அவர் செய்து காட்டினார்.

ஆனால் அவர் பெயரை நாட்டு மக்களின் வாயில் நிறுத்தியது இந்த வித்தை அல்ல.

கழுகுமலைப் பயணம்

கோவில்பட்டிக்கு அருகில் இருக்கிறது கழுகுமலை. சாத்தான்குளத்தைப் போலவே இப்போது தூத்துக்குடி மாவட்டத்து ஊர். அங்கே மலையைக் குடைந்த குகைக்குள் முருகன் எழுந்தருளி இருக்கிறார். மலையே அந்தக் கோவிலுக்கு விமானம். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே பாறையை மேலிருந்து கீழே செதுக்கிச் செய்த வெட்டுவான் கோவிலும் அதே மலையில்தான் இருக்கிறது.

ஊற்றுமலை ஜமீன்தார் இந்தக் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்தார். உடன் நடந்தார் அண்ணாமலை ரெட்டியார். வழி நெடுகப் பாடுவதற்காக அவர் கட்டிய பாட்டுகளே காவடிச் சிந்து. இது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

காவடியும் சிந்தும் அதற்கு முன்பே உண்டு. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை இடும்பன் காவடியாகத் தூக்கி வந்த கதையை அறியாதவர் யார்? வழியில் நடப்பவர்கள் பாடுகிற வழிநடைச் சிந்தும் பழையதுதான். ஆனால் அது பாமரர் பாட்டு என்று ஒதுங்கிக் கிடந்தது. அந்தாதி பாடினால் புலவர். சிந்து பாடினால் பாட்டுக்காரர். காலம் அப்படி இருந்தது.

அண்ணாமலை ரெட்டியார் அந்த வேலியைத் தாண்டினார். திரிபந்தாதி பாடிய அதே கையால் சிந்தும் எழுதினார். பாமரர் பாட்டுத்தானே என்று குறைத்து எழுதவில்லை. கற்ற கல்வி அத்தனையையும் அதிலே கொட்டினார்.

காலுக்கு ஏற்ற சொல்

இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை.

நீண்ட அடியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். துண்டுக்குத் துண்டு எதுகையும் இயைபும் வைத்தார். ஒரு துண்டு பாடி முடிக்கும்போது மூச்சு வாங்கலாம். அடுத்த துண்டுக்குக் கால் தானாக எழும். மெட்டுக் கேட்டவுடன் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பாட, பலர் திரும்பப் பாடலாம்.

பொருளும் அப்படித்தான். கழுகுமலைக் கோவிலின் அழகு ஒரு பாட்டில். அங்கே கூடும் அடியார்களின் ஆரவாரம் இன்னொன்றில். ஊரின் வளம் வேறொன்றில். நடுவிலே ஒரு பெண் வருகிறாள். முருகன்மேல் காதல் கொண்டு தவிக்கிறாள். தோழியிடம் மனத்தைத் திறக்கிறாள். பக்தியும் காதலும் ஒரே நூலில் கோத்த இரண்டு பூக்கள் போல மணக்கின்றன.

இன்னொன்றும் செய்தார். தம் பெயரையும் சென்னிகுளத்தின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே பதித்து வைத்தார். பாட்டு எங்கே போனாலும் அந்தச் சின்னஞ்சிறு கிராமமும் கூடவே போகும்!

இளமையில் மறைவு

வாழ்வு நீடிக்கவில்லை. நோய் வந்தது. 1891-ல் அண்ணாமலை ரெட்டியார் மறைந்தார். மற்றவர்கள் எழுதத் தொடங்கும் வயதில் அவர் எழுதி முடித்துவிட்டார்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை.

கழுகுமலைக்கு அருகே உள்ள எட்டயபுரத்தில் அப்போது ஒரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். 1882-ல் பிறந்தவன். அவன்தான் பிற்காலத்து மகாகவி பாரதி. நாட்டுப் பாட்டு எழுத வந்த பாரதி, எளிய மக்களின் சிந்து மெட்டுகளை விரும்பி எடுத்துக்கொண்டார். 'எங்கள் தாய்' என்ற பாட்டைக் காவடிச் சிந்து மெட்டில் அமைத்தார். காவடி தூக்கியவர்களின் மெட்டு, தேசத்தைத் தூக்கி நிறுத்தவும் உதவியது!

பிறகு அண்ணாமலையாரின் சிந்து கச்சேரி மேடை ஏறியது. பெரிய இராகங்களைப் பாடி முடித்த வித்துவான்கள், கடைசியில் ஒரு காவடிச் சிந்தை எடுத்தால் சபை நிமிர்ந்து உட்காரும். நாட்டிய மேடையிலும் அது இடம் பிடித்தது. அவரைக் காவடிச் சிந்தின் தந்தை என்றே தமிழ் உலகம் அழைக்கிறது.

எது நின்றது?

ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் அரும்பாடு பட்டு எழுதிய திரிபந்தாதியை இன்று படிப்பவர்கள் சிலரே. அகராதியும் உரையும் வேண்டும். நடந்து போகிறவர்களுக்காக எழுதிய சிந்தோ இன்றும் பாடப்படுகிறது.

அந்தாதி எழுதிய கல்வி வீண் என்பதல்ல. அந்தக் கல்வி இல்லாவிட்டால் சிந்துக்கு இத்தனை அழகு வந்திருக்காது. படித்த படிப்பைப் பூட்டி வைக்காமல், படிக்காதவர்களின் கையிலே கொடுத்தார். அவர்களும் அதைக் கைவிடவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட அந்தப் பாட்டுகளைக் காதால் கேட்டு, வாயால் பாடி, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாசித் திருவிழாவிலும் பங்குனி உத்திரத்திலும் நெல்லைச் சீமையின் சாலைகளில் காவடிகள் அசைந்து போகும். மயில் இறகு காற்றில் ஆடும். பால் செம்பு குலுங்கும். யாரோ ஒருவர் சிந்து எடுப்பார்.

பாடுகிறவருக்குக் கவிஞரின் வரலாறு தெரியாமல் இருக்கலாம். ஆனால் அண்ணாமலையாரின் பாட்டானால் அதற்குள்ளே அவர் பெயர் இருக்கிறது. சென்னிகுளமும் இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக அவரும் நடந்துகொண்டிருக்கிறார்.