கடல் கண்ணாடிதானா?

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தமையால், தெலுங்கு வழங்கும் அக்கடற்கரை நகரிலேயே அவர் வளர்ந்தார்.

பதினான்காம் வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது அங்கு மாணவர் அனைவரும் செய்யும் எளிய சோதனை. ஒளிக்கற்றை முப்பட்டகத்தின் இரு முகங்களிலும் பட்டு, கண்ணாடியில் பட்டது போலவே எதிரொளிக்கும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் ஆதலால், எதிரொளித்த இரு கற்றைகளுக்கு இடையிலுள்ள கோணத்தில் பாதியே முப்பட்டகத்தின் கோணமாகும். அதனைக் குறித்துக்கொண்டால் சோதனை முடிந்தது. இராமனுக்கோ அங்கேதான் தொடங்கிற்று. ஒளி மிகச் சாய்வாகப் பட்டு எதிரொளித்தபோது, பிம்பத்தின் இருபுறமும் மங்கிய பட்டைகள் தோன்றுவதையும், அவை இருபுறமும் ஒத்த அகலம் உடையனவாய் இல்லாததையும் அவர் கண்டார். அதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் இலண்டனின் பிலசாபிகல் மேகசின் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

ஆயினும் அக்காலத்தில் அறிவியலை நம்பி வாழ்வது அரிது. நிதித்துறைத் தேர்வில் வென்று, 1907இல் கல்கத்தாவில் உயர் அலுவலரானார். அலுவலகம் செல்லுமுன்னும் அங்கிருந்து திரும்பிய பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தது. ஊதியம் பெரிதும் குறைவு. எனினும் அரசுப் பணியைத் துறந்தார்.

1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் நீலத்தைக் கடல் எதிரொளிக்கிறது, அவ்வளவே என்பது ஆங்கில அறிஞர் ரேலியின் கருத்து. அவர் புகழை எண்ணிப் பிறர் அதனை ஏற்றிருந்தனர். அது மெய்யானால், கடல் ஒரு பெருங்கண்ணாடியே.

இராமனிடம் நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவி இருந்தது. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட சாய்வில் எதிரொளித்து வரும் ஒளியை அதனால் தடுத்துவிடலாம். அதன் வழியே அவர் கடலை நோக்கினார். வானத்தின் ஒளி மறைந்தது, நீலம் மறையவில்லை. முன்னிலும் செறிவாகத் தோன்றிற்று. எனவே அந்நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்றும், நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றும் முடிவு செய்தார். (செந்நிற ஒளியை நீர் உறிஞ்சுவதும் ஒரு காரணம் என்பது இன்று அறிந்த செய்தி.) திரும்பும் வழியில், கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே, இதனை நேச்சர் இதழுக்கு எழுதினார்.

அதன்பின் ஏழாண்டுகள் ஒளிச்சிதறலே அவர் ஆய்வாயிற்று. கே.எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்கள் துணைநின்றனர். நீர்மங்களில் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் நிறமே மாறி வெளிப்படுகிறது என்பதை 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்டறிந்தனர். அந்நாளே இன்று தேசிய அறிவியல் நாள். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் காலமானார். தாம் நிறுவிய ஆய்வுக் கழகத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நடப்பட்டுள்ளது.