பிரிட்டனி கடற்கரை டு அருணாசலக் குகை: ஊர் திரும்பாத துறவி அபிஷிக்தானந்தா!

பாலசமுத்திரத்தில் நின்னு தலையைத் தூக்கினா பழநி மலைத்தொடர் நேரா கண்ணுல விழும். அதுக்கு மேல கொடைக்கானல். சமவெளி வெயிலும் காய்ச்சலும் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் அங்கே பங்களா கட்டித் தங்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரப் பாதிரியார்னா குளுகுளு மலை என்பதுதான் நம்ம ஊர் பிம்பம். ஆனா, பிரான்ஸிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கத் துறவி பிடித்த ரூட்டே வேற. குளித்தலை பக்கம் காவிரிக்கரையில் ஒரு மாந்தோப்பு. அதுவும் பத்தாதுன்னு திருவண்ணாமலையில் குகை!

அவர் பெயர் ஹென்றி லெ சோ. அபிஷிக்தானந்தா என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும்.

1910 ஆகஸ்ட் 30-ல், பிரான்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனி பகுதியில், சான் பிரியாக் என்ற கடலோர ஊரில் பிறந்தார். பிரிட்டனி பிரான்ஸுக்குள் இருந்தாலும் அதன் பழைய மொழி பிரெஞ்சுக்குச் சொந்தம் இல்லை, வேல்ஸ் மொழிக்குத்தான் சொந்தம். சுமார் 1,500 வருஷம் முன்னாடி கடல் தாண்டி வந்து குடியேறிய செல்டிக் மக்களின் மண் அது. அவர்களோடு துறவிகளும் வந்தார்கள். லெ சோவின் ஊருக்குப் பெயர் தந்த பிரியாக்கும் அப்படி ஒரு துறவிதான்.

இந்த செல்டிக் துறவிகள் கொஞ்சம் வித்தியாசமான ஆட்கள். எகிப்து பாலைவனத்தில் குகையில் வாழ்ந்த பழைய கிறிஸ்தவத் துறவிகள்தான் அவர்களுக்கு ரோல் மாடல். அயர்லாந்தில் பாலைவனத்துக்கு எங்கே போறது? அதனால் கடல் நடுவில் இருக்கும் பாறையில் ஏறிக் கல்குடிசை கட்டிக்கொண்டார்கள். சமீபத்திய ஸ்டார் வார்ஸ் படங்களில் லூக் ஒளிந்திருக்கும் தீவு ஞாபகம் இருக்கா? ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற அந்த இடம் நிஜமான துறவிகள் வாழ்ந்த தீவு. இன்னொரு பழக்கமும் இருந்தது. கடவுளுக்காகச் சொந்த ஊரைவிட்டுக் கிளம்புவது, திரும்பி வராமலே இருப்பது. கொலம்பா என்ற துறவி 563-ல் அயர்லாந்தைவிட்டு ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குப் போனது இந்த வகையில் ரொம்பப் பிரபலம்.

லெ சோ இந்தியா வந்ததற்கு செல்டிக் ரத்தம்தான் காரணம் என்று சொன்னால் அது ஓவர். ஆனா, அவர் வாழ்க்கையைப் படிக்கிறப்போ அந்தப் பழைய துறவிகள் ஞாபகம் வராம இருக்காது.

19 வயதில் கெர்கொனான் பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார். அங்கே 19 வருஷம். 1930-களின் நடுவிலேயே இந்தியா போகணும் என்ற ஆசை வந்துவிட்டது. அனுமதி, உலகப் போர் என இழுத்துக்கொண்டே போய், 1948 ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தார். குளித்தலையில் அவருக்காகக் காத்திருந்தவர் ஜூல் மோன்ஷனின். 1939-லேயே பிரான்ஸிலிருந்து வந்து, திருச்சி மறைமாவட்டக் கிராமங்களில் பங்குச்சாமியாராக இருந்தவர்.

1950 மார்ச் 21-ல் இருவரும் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இன்னொரு பெயர் சாந்திவனம். குடிசை, பாய், காவி, சைவச் சாப்பாடு. ஆண்டிக் கோலத்தில் நிற்கும் முருகனைக் கும்பிடுகிற நமக்கு இது புதுசு இல்லை. சர்ச்சுக்குத்தான் புதுசு. மதம் மாற்றுவது அவர்கள் நோக்கம் இல்லை. இந்திய சந்நியாசி மாதிரி வாழ்ந்து, கிறிஸ்துவைத் தியானிக்கணும், அவ்வளவுதான். ஆனா வருஷங்கள் ஓடியும் ஆசிரமத்தில் நிலைத்துத் தங்க இந்திய இளைஞர்கள் யாரும் வரவில்லை. ஆள் சேராத ஆசிரமம்!

அதைவிடப் பெரிய பிரச்னை லெ சோவின் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 1949 ஜனவரியில் மோன்ஷனின் அவரைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போனார், ரமண மகரிஷியைப் பார்க்க. முதல் நாள் செம ஏமாற்றம். தலைக்குள் ஏகப்பட்ட லக்கேஜோடு வந்திருக்கிறீர்கள் என்கிற மாதிரி அங்கே தங்கியிருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் காய்ச்சல் வேறு. அந்தக் காய்ச்சலோடு கேட்ட வேத கோஷமும் ரமணரின் மௌனமும் அவரை விடவே இல்லை. 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்த பிறகும் அருணாசலம் இழுத்துக்கொண்டே இருந்தது. 1952-லிருந்து அந்த மலைக் குகைகளில் வாரக்கணக்கில் மௌனமாக இருந்தார். 1955 கடைசியில் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்து, குருவாகவே ஏற்றுக்கொண்டார்.

இங்கேதான் சிக்கல். கடவுள் வேறு, நான் வேறு என்று கைகூப்புகிற மதம் அவருடையது. குகையில் அவருக்குக் கிடைத்ததோ இரண்டு இல்லை என்கிற அனுபவம். அது நிஜம்னா, இத்தனை வருஷம் சொன்ன ஜெபம்? ஜெபம் நிஜம்னா, குகையில் கிடைத்தது மாயையா? வருஷக்கணக்கில் இந்த வேதனை அவர் டைரியில் ஓடுகிறது. கிறிஸ்துவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற பயமும் இருந்தது. மோன்ஷனினால் அந்த அளவுக்குப் போக முடியவில்லை. நண்பர்களுக்குள் இடைவெளி விழுந்தது. 1957 அக்டோபரில் மோன்ஷனின் பாரிஸில் இறந்துபோனார்.

ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் லெ சோவுக்கு நிம்மதி கிடைத்திருக்கும். சாயவில்லை. திருப்பலியையும் விடவில்லை, உபநிடதத்தையும் விடவில்லை. என்னைக் கேட்டால், அவருடைய புத்தகங்களைவிட இந்தப் பிடிவாதம்தான் பெரிய விஷயம்.

1960-ல் இந்தியக் குடிமகன் ஆனார். உத்தரகாசி பக்கம் கங்கைக்கரையில் சின்னதாக ஒரு குடில் போட்டுக்கொண்டு வடக்கும் தெற்கும் அலைந்தார். 1968-ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைக்கே போய்விட்டார். வந்த நாளிலிருந்து கடைசிவரை, 25 வருஷத்தில் ஒருமுறைகூட பிரான்ஸ் போகவில்லை. பிரிட்டனிக்குப் போனதெல்லாம் கடிதங்கள் மட்டும்தான்.

1973 ஜூலை 14. ரிஷிகேஷில் பஸ் பிடிக்க ஓடும்போது மாரடைப்பு வந்து தெருவிலேயே விழுந்தார். அந்த நிமிஷத்தை அவர் விபத்தாகப் பார்க்கவில்லை. தேடிக்கொண்டிருந்த கிரெயில் கிடைத்துவிட்டது என்கிற அர்த்தத்தில் நண்பர்களுக்கு எழுதினார். கிரெயில் என்றால், ஆர்தர் ராஜாவின் வீரர்கள் காடு மலையெல்லாம் தேடி அலைந்த புனிதக் கிண்ணம். செல்டிக் மண்ணின் கதைகளில் வேர்விட்ட புராணம். உபநிடதத்தில் ஊறிய மனுஷன், வாழ்க்கையின் உச்ச அனுபவத்தைச் சொல்ல, தன் பிரிட்டனியில் எல்லோரும் அறிந்த கதையிலிருந்து வார்த்தை எடுத்திருக்கிறார்!

டிசம்பர் 7-ல் இந்தூரில் இறந்தார். வயது 63. முதலில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். பிறகு அவர் உடலின் எச்சங்கள் தண்ணீர்ப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டன. 1993-ல் மறைந்த பீட் கிரிஃபித்ஸின் சமாதியும் அங்கேதான். திருச்சி - கரூர் ரோட்டில் குளித்தலை பக்கம் போனால் எட்டிப் பார்க்கலாம். ஆள் சேராமல் கிடந்த ஆசிரமத்தில் இப்போதும் தியானமும் ஆரத்தியும் நடக்கின்றன.