வீரமாமுனிவர் தந்த கதைச் செல்வம்

ஒரு தேசத்து ஜனங்களின் குணத்தை அறிய விரும்புவோர் அத்தேசத்தின் சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதைக் காட்டிலும், அங்குள்ள பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைக் காது கொடுத்துக் கேட்பது நலம் என்பது நமது அபிப்பிராயம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் துறைமுகப் பகுதியில் இதற்கு இன்று நல்ல வாய்ப்பு இருக்கிறது. காசிமேட்டு மீனவரின் பிள்ளைகளும், தலைமுறைகளாகத் தெலுங்கு பேசிவரும் தொழிலாளர் பிள்ளைகளும், பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோரின் பிள்ளைகளும் ஒரே தெருவில் விளையாடுகிறார்கள். வீட்டுக்கு வீடு கதை வேறு. இக்கதைகளில் எது நம்முடையது, எது அந்நியம் என்ற கேள்வி தேசபக்தி உடையோர் மனத்தில் எழுவது இயல்பே. அக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

இராயபுரம் என்னும் பெயரே கடல் கடந்து வந்து தமிழாகிப் போன ஒன்று. ஏசுநாதரின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரே இவ்வூருக்கு ஆயிற்று என்று சொல்லப்படுகிறது. துறைமுகம் கட்டப்படாத அந்நாளில், நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் அலை தாண்டிக் கரை சேர்த்த படகோட்டிகள், 1829-ம் வருஷம் அவர் பெயரால் இங்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். பிற நாட்டுப் பெயரைத் தமிழ்ச் செவிக்கு இசைவாக மாற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்திலே தலைசிறந்து நின்றவர் வீரமாமுனிவர்.

இத்தாலியில் மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி பிறந்தவர் அவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-ம் வருஷம் ஏசு சபையில் சேர்ந்து, 1710-ம் வருஷம் கோவாவில் வந்திறங்கி, மறு வருஷம் தமிழகம் புகுந்தார். தம் மதத்தைப் பரப்பவே அவர் வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பரப்ப வந்தவர் முதலில் மாணாக்கராக அமர்ந்தார். சுப்ரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் பயின்றார் என்பர். காவி உடுத்தார், தமிழ் நாட்டுத் துறவியரைப் போலவே உண்டு வாழ்ந்தார். தைரியநாதர் என்று தமக்கு இட்டுக்கொண்ட பெயரை ஜனங்கள் வீரமாமுனிவர் என்று மாற்றி வழங்கினார்கள்.

ஏலாக்குறிச்சியிலும் கோணான்குப்பத்திலும் இருந்து அவர் செய்த பணி ஒருவர் ஆயுளுக்கு மிக அதிகம். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி 1726-ம் வருஷம் முடிந்தது. இலக்கணத்திற்குத் தொன்னூல் விளக்கமும், சொற்பொருளுக்குச் சதுரகராதியும் தந்தார். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் மயங்கிக் கிடந்ததைத் தெளிவாக்கிய சீர்திருத்தமும் அவருடையதே. தொண்டையார்பேட்டைப் பள்ளியில் இன்று ஒரு குழந்தை தேன் என்றும் தோணி என்றும் எழுதும்போது, இடுகிற இரட்டைச் சுழிக் கொம்பு முனிவர் காட்டிய வழி. 1740-க்குப் பின் சில வருஷங்களில் அவர் காலமானார்.

இத்தனை பெரிய நூல்களைச் செய்தவர், சிறியதொரு கதைப் புத்தகத்தாலேயே குழந்தைகளிடம் நிலைத்தார் என்பது விந்தையான விஷயம். ஐரோப்பியப் பாதிரிமார் பேச்சு வழக்குத் தமிழில் பழகுவதற்காக அவர் எழுதிய பரமார்த்த குரு கதையே அது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களுக்கேற்ற ஒரு குருவும் அதில் உலவுகிறார்கள். ஆறு தூங்குகிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிறார்கள். அது உடைந்து, புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்தோட, குட்டி ஓடிவிட்டதே என்று புலம்புகிறார்கள்.

அவற்றுள் ஒன்றைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். ஆற்றைக் கடந்து கரையேறியதும் தலை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு அடி கொடுத்து, அடி வாங்கியவனை எண்ணச் சொல்ல, கணக்குச் சரியாகிறது. இதே கதை இங்கிலாந்தில் காதம் என்னும் கிராமத்தார் மீது வழங்குகிறது. அங்கே பன்னிருவர் மீன் பிடிக்கப் போகிறார்கள். அரண்மனை ஊழியன் ஒருவன் சவுக்கால் ஆளுக்கொன்று கொடுத்து எண்ணுகிறான். துருக்கியில் நஸ்ருத்தீன் முல்லா ஏறி அமர்ந்திருக்கும் கழுதையை விட்டுவிட்டு மற்றக் கழுதைகளை எண்ணுகிறார். நம் தேசத்திலோ, முனிவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, வித்யாரண்யர் பஞ்சதசியில் இக்கதையை வேதாந்த திருஷ்டாந்தமாக எடுத்தாண்டார். பத்துப் பேர் ஆற்றைக் கடந்து ஒன்பதே எண்ணி அழுகிறார்கள். தேடப்படும் பத்தாமவன் தேடுகிறவனே என்று அறிந்தோன் ஒருவன் உணர்த்துகிறான். ஆத்மாவை வெளியே தேடி அலைவோருக்கு அது உபதேசம்.

கதை ஒன்றுதான், தேசம் மாறும்போது அதன் நோக்கம் மாறுகிறது. ஆங்கிலேயன் அடுத்த ஊரானைப் பார்த்துச் சிரித்தான். உப்பை விதைத்து அறுவடைக்குக் காத்திருந்த ஷில்டா ஊராரை ஜெர்மானியர் படைத்ததும் அவ்வாறே. துருக்கியன் தன் முல்லாவையே பார்த்துச் சிரித்தான். நம்மவர் அதில் மெய்ஞ்ஞானம் கண்டனர். பஞ்ச தந்திரத்தின் கதியும் இதுவே. அது ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் அரபியில் கலீலா திம்னாவாகி, ஐரோப்பா எங்கும் பரவிற்று. மாவுப் பானையை வைத்து மனோராஜ்யம் செய்த நம் ஏழைப் பிராமணன், பிரெஞ்சுக் கவி லாபாந்தேனின் கையில் 1678-ம் வருஷம் பால்குடம் சுமக்கும் பெண்ணாகி நின்றான். அக்கதைகளை முதலில் ஏற்றுச் சென்ற பாரசீகரின் வழி வந்த பார்ஸிகள், 1910-ல் இதே இராயபுரத்தில் தங்கள் அக்கினி ஆலயத்தை அமைத்தார்கள். கதையும் மனிதரும் போவதும் வருவதும் உலக இயல்பு.

பரமார்த்த குரு கதை ஹிந்து குருமார்களை இழிவு செய்ய ஓர் அந்நியப் பாதிரி செய்த சூழ்ச்சி என்று சொல்வோர் உண்டு. அவர்கள் மனக்குறையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் போலிக் குருவைச் சாடும் உரிமையை முனிவர் இத்தாலியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. குருடனுக்குக் குருடன் வழிகாட்டும் கேட்டைத் திருமூலர் முன்பே கண்டித்தார். மெய்க்குருவிடம் பக்தியுடையவனே பொய்க்குருவைக் கண்டு சிரிக்க முடியும். தெலுங்கு நாட்டார் பரமானந்தய்யரையும் அவர் சீடர்களையும் வைத்து இத்தகைய கதைகளைத் தம் வீட்டுக் கதைகளாகவே வழங்குகிறார்கள். அதனால் அவர்கள் பக்தி குறைந்துவிடவில்லை.

முனிவரின் புத்தகம் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக லண்டனில் 1822-ம் வருஷம் பாபிங்டன் என்பவரால் அச்சேறியது. 1826-ம் வருஷம் துய்புவா பாதிரியார் அதைப் பஞ்ச தந்திரத்துடன் பிரெஞ்சில் வெளியிட்டார். தமிழ் நாட்டில் பிறந்த கதை கப்பலேறி ஐரோப்பாவைச் சிரிக்க வைத்தது. 1968-ம் வருஷம் சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை வைத்துத் தமிழர் தம் நன்றியைக் காட்டினார்கள்.

இவர் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இது. அந்நியக் கதையை வாசலில் நிறுத்தித் துரத்துவது சுதேசியம் அன்று. கைப்பேசித் திரையில் வருவதையெல்லாம் அப்படியே விழுங்குவதும் விடுதலை பெற்ற ஜனங்களுக்கு அழகன்று. வந்த கதைக்கு நம் ஆற்றையும் நம் பூசணிக்காயையும் கொடுத்து நம் பாஷையில் வாழவைப்பதே ஆண்மை. ஓர் இத்தாலியர் தனியாளாய்ச் செய்ததைத் தமிழர் பலர் கூடிச் செய்ய முடியாதா?

வடசென்னையின் தொழிற்சங்க மன்றங்களிலும் படிப்பகங்களிலும் பணியாற்றும் தேச ஊழியர்களை நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. வாரத்தில் ஒரு மாலை குழந்தைகளைக் கூட்டுங்கள். ஒரிஸ்ஸாவிலிருந்து வந்த தாயும் காசிமேட்டுப் பாட்டியும் தத்தம் கதையைச் சொல்லட்டும். அவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். சிறு புத்தகமாக அச்சிடுங்கள். கூலிக்கு வந்தவன் என்று ஒருவனை ஏசப் பழகும் முன்னர், அவன் வீட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்த பிள்ளை, வளர்ந்தபின் அவனைப் பகைக்க மாட்டான். தலை எண்ணும்போது தன்னை விட்டுவிடுவது பேதைமை. பக்கத்தில் நிற்பவனை விட்டுவிடுவது அதனினும் பெரிய பேதைமை. இரண்டையும் தவிர்க்கும் அறிவை நம் குழந்தைகளுக்கு ஊட்டுவது நமது கடமையாகும்.