எடைக்குப் போடாத காகிதங்கள்



தீபாவளிக்கு முன் பரணைக் காலி செய்யும்போது உங்கள் கையில் என்னென்ன காகிதம் சிக்கும்? பழைய கரண்ட் பில், யாருடையது என்றே மறந்துபோன கல்யாணப் பத்திரிகை, நம் சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகள். எல்லாம் எடைக்குப் போய்விடும். நானும் அப்படித்தான் போடுகிறேன். அந்த மாதிரிக் காகிதங்களை எடைக்குப் போடாமல் அரை நூற்றாண்டு சேர்த்தவர் ஒருவர் இருந்தார். பெயர் மாக்ஸ் நெட்லாவ். அராஜகவாதத்தின் வரலாற்றை எழுதியவர்.

அராஜகம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நம் இடத்தில் வேறொருவர் காரை நிறுத்திவிட்டால்கூட அந்த வார்த்தையைத்தான் சொல்கிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது ஓர் அரசியல் கொள்கை. மேலிருந்து ஆணையிடும் அரசு வேண்டாம், மனிதர்கள் தாங்களாகக் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டு வாழ முடியும் என்றது. முடியுமா என்று கேட்டால், பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கப் படும் பாட்டை அறிந்த எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் அதை நம்பிச் சிறைக்குப் போனவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் ஏராளம். அவர்களிடம் அலுவலகமும் இல்லை, ஆவணக் காப்பகமும் இல்லை. துண்டுப் பிரசுரம் அடிப்பார்கள், நாலு இதழ் வந்து பத்திரிகை நின்றுவிடும், போலீஸ் வந்தால் கடிதங்களை எரித்துவிடுவார்கள்.

நெட்லாவ் 1865இல் வியன்னாவை ஒட்டிய நோய்வால்டெக்கில் பிறந்தார். அப்பா ஒரு பிரபுவின் தோட்டப் பொறுப்பாளர். மகன் படித்தது மொழியியல். வேல்ஸ் மொழி இலக்கணத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தப் படிப்புக்காக லண்டன் போன இடத்தில் சோஷலிஸ்டுகளோடு பழக்கம் ஏற்பட்டது. 1892இல் அப்பா இறந்ததும் கைக்கு வந்த சொத்தில் வீடு வாங்கவில்லை, தொழில் தொடங்கவில்லை. சிக்கனமாகச் சாப்பிட்டு, மிச்சத்தையெல்லாம் காகிதத்தில் போட்டார்.

முதல் பெரிய வேலை, ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனினின் வாழ்க்கை வரலாறு. பக்கூனின் 1876இலேயே இறந்துவிட்டார். எதிரணியில் இருந்த மார்க்ஸின் ஆட்கள் எழுதிவைத்ததே அவரைப் பற்றிப் பெரும்பாலும் கிடைத்தது. நெட்லாவ் ஊர் ஊராகப் போய், அவரோடு பழகிய முதியவர்களைத் தேடிப் பிடித்து, நினைவுகளைக் கேட்டு எழுதினார். பெட்டிகளில் கிடந்த கடிதங்களைப் பார்த்து நகல் எடுத்தார். இன்னும் பத்து வருடம் தள்ளிப் போயிருந்தால் அந்த முதியவர்களும் இருந்திருக்க மாட்டார்கள். அச்சிட வழியில்லாததால் தன் கையெழுத்திலேயே பிரதி எடுத்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல்; மொத்தம் 50 பிரதிகள்தான். 1896 முதல் 1900 வரை செய்த இந்த வேலையைப் பெரிய நூலகங்களுக்கு அனுப்பிவைத்தார். உண்மையைச் சொன்னால் அது படிக்கச் சுகமான புத்தகம் அல்ல. எதையும் விட மனம் வராதவர் எழுதியது. ஆனால் பக்கூனினைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் இந்தச் சுரங்கத்தில் இறங்காமல் எழுத முடியவில்லை.

சேகரிப்பு சுமார் 40,000 எண்ணிக்கையைத் தொட்டது. புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கையெழுத்துப் பிரதி. அத்தனையையும் வைக்க ஒரே வீட்டில் ஏது இடம்? வெவ்வேறு நகரங்களில் பெட்டி பெட்டியாகக் கிடங்கில் போட்டுவைத்தார்.

முதல் உலகப் போர் முடிந்து ஆஸ்திரியாவில் பணவீக்கம் வந்தது. அப்பா விட்டுச் சென்ற பணம் வெறும் தாளானது. ஐம்பது வயதைத் தாண்டியவர் வியன்னாவில் வறுமையில் வாழ்ந்தார்; வெளிநாட்டு நண்பர்கள் உதவினார்கள். யோசித்துப் பாருங்கள், விற்றால் காசு தரும் பொக்கிஷம் கிடங்குகளில் இருக்கிறது, ஆள் அரைப்பட்டினி. அந்த வருடங்களில்தான் அராஜகவாத வரலாற்றை வரிசையாக எழுதினார். 1925, 1927, 1931 என்று மூன்று தொகுதிகள் வந்தன. மீதியில் பல, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே அச்சேறின.

1935இல், எழுபது வயதில், மனம் இறங்கினார். ஆம்ஸ்டர்டாமில் அப்போதுதான் தொடங்கியிருந்த சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்துக்கு முழுச் சேகரிப்பையும் விற்றார். அதன் நூலகர் ஆன்னி அடாமா வான் ஸ்கெல்டெமா என்ற பெண்மணி. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய சமயத்தில் பக்கூனினின் கையெழுத்துப் பிரதிகளை வியன்னாவிலிருந்து ரகசியமாக வெளியே கொண்டுவந்தது அவர்தான். நெட்லாவும் ஆம்ஸ்டர்டாமுக்கே குடிபெயர்ந்தார். தன் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டியல் போட்டார்.

நிம்மதி இரண்டு வருடம்தான். 1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. ஜூலையில் நிறுவனத்தை இழுத்து மூடினார்கள். பின்பு அங்கிருந்த சேகரிப்புகளை ஜெர்மனிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். கிழவரை மட்டும் தொந்தரவு செய்யவில்லை. அவர் அதே ஊரில் அமைதியாக எழுதிக்கொண்டிருந்து, 1944 ஜூலை 23 அன்று புற்றுநோயில் இறந்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்தது என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது.

போர் முடிந்தபின், கொள்ளைபோனவற்றில் பெரும்பகுதி ஜெர்மனியில் கண்டெடுக்கப்பட்டு ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பியது. நம் வளாகத்துப் பிள்ளைகள் சிலர் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நிறுவனத்தின் வாசிப்பறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். நெட்லாவின் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன.