உரோமின் வரலாற்றில் பாடம் தேடிய மாக்கியவெல்லி

அரசியலில் சூழ்ச்சியும் வஞ்சகமும் தலைதூக்கும் போதெல்லாம் மாக்கியவெல்லியின் பெயர் உச்சரிக்கப்படுவதை நாம் காண்கிறோம். 'இளவரசன்' என்ற சிறுநூல் அவருக்குத் தேடித்தந்த பழி அது. ஆனால், அவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய பெருநூல் குடியரசைப் பற்றியதாகும். பண்டைய உரோம் சுதந்திரத்தை இழக்காமல் பல நூற்றாண்டுகளாக விரிவடைந்தது எவ்வாறு என்பதே அந்நூலின் மையக் கேள்வி.

நிக்கலோ மாக்கியவெல்லி 1469 மே 3 ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். தந்தை பெர்னார்டோ வசதி குறைந்த ஒரு சட்டத்தரணி. உரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலுக்கு இடப்பெயர் அட்டவணை தயாரித்துக் கொடுத்த அவர், அதற்குக் கூலியாக அந்நூலின் பிரதியொன்றைப் பெற்றுக்கொண்டார். மகனின் வாழ்நாள் முழுவதும் துணைநின்றது அந்த வரலாறே எனலாம்.

1494 இல் மெடிசி குடும்பத்தினர் வெளியேற்றப்பட்டு, புளோரன்ஸில் குடியரசு புத்துயிர் பெற்றது. 1498 இல், தமது 29 ஆவது வயதில் மாக்கியவெல்லி அக்குடியரசின் செயலாளர்களுள் ஒருவரானார். தூதராகப் பிரெஞ்சு மன்னரிடமும் பாப்பரசரிடமும் சென்றுவந்தார். எனினும் அவரை மிகவும் வாட்டியது பீசா நகரின் பிரச்சினையே. 1406 இல் புளோரன்ஸ் கைப்பற்றிய பீசா, 1494 இல் கிளர்ந்தெழுந்து பிரிந்தது. கூலிப்படைகளால் அதனை மீட்க முடியவில்லை. 1506 இல் குடிமக்களைக் கொண்ட படையொன்றை மாக்கியவெல்லி உருவாக்கினார். 1509 இல் பீசா பணிந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றிருந்தன.

1512 இல் மெடிசி குடும்பம் மீண்டதும் அவர் பதவி நீக்கப்பட்டார். மறு ஆண்டு சதிக்குற்றச்சாட்டில் சிறையிடப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். மெடிசி குடும்பத்தவரான பத்தாம் லியோ பாப்பரசராகத் தெரிவானபோது வழங்கப்பட்ட பொதுமன்னிப்பில் விடுதலை பெற்று, நகருக்கு வெளியேயிருந்த தமது பண்ணை வீட்டில் ஒதுங்கினார். 'இளவரசன்' நூலும், 'லிவி பற்றிய உரைகள்' என்ற பெருநூலும் இக்காலத்தின் பேறுகளாகும்.

உரோமில் பிரபுக்களுக்கும் சாமானியருக்குமிடையே ஓயாது நிகழ்ந்த பிணக்கை அறிஞர் பலர் குறையாகக் கண்டனர். மாக்கியவெல்லியோ அதிலேதான் உரோமின் சுதந்திரம் பிறந்தது என்றார். கொன்சல்களும் செனட் சபையும் ஆண்ட அரசில், கி.மு. 494 இல் சாமானிய மக்கள் தமக்கெனத் திரிபியூன்கள் என்ற காவலர்களைப் பெற்றனர். மக்களின் குறை வெளிப்படச் சட்டம் வழிவிட்டதால் அரசு வலுப்பெற்றது என்பதே அவரது கணிப்பு.

விரிவாக்கத்துக்கு மூன்று வழிகளை அவர் வகுத்தார். சமமானோர் கூட்டணியாக இணைதல் ஒன்று. தலைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஏனையோரைத் தோழர்களாக்கிய உரோமின் வழி இன்னொன்று. வென்றவர்களை உடனடியாக அடிமைப்படுத்திய ஏதென்ஸ், ஸ்பார்ட்டா ஆகியவற்றின் வழி மூன்றாவது. அது பயனற்றது என்றார். அந்நியருக்குக் கதவடைத்த ஸ்பார்ட்டாவால் 20,000 வீரர்களுக்கு மேல் திரட்ட இயலவில்லை. அந்நியரைக் குடிகளாக்கிய உரோமோ மன்னராட்சிக் காலத்திலேயே 80,000 பேரைக் கொண்டிருந்தது என அவர் எடுத்துக்காட்டினார்.

தமது நகரையும் அவர் தப்பவிடவில்லை. சகோதரராக நடத்தப்பட்ட பிஸ்டோயா மக்கள் விரும்பியே புளோரன்ஸுடன் இணைந்ததையும், பகைவராக நடத்தப்பட்ட நகரங்கள் இறுதிவரை எதிர்த்து நின்றதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அதேவேளை, உரோமின் வெற்றியை அவர் கண்மூடிப் புகழவில்லை. அதன் தோழர்கள் தாம் குடிமைப்பட்டதை உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது. ஏனைய குடியரசுகளின் சுதந்திரம் உரோமின் கீழ் மடிந்தது. தொலைதூரப் போர்களுக்காகத் தளபதிகளின் பதவிக்காலம் நீடிக்கப்பட்டமை, படைகளை அரசுக்கன்றி அத்தளபதிகளுக்கே விசுவாசமாக்கியது. நிலச்சட்டப் பூசலும் சேர்ந்துகொள்ள, இறுதியில் சீசரின் கையில் உரோமின் சுதந்திரமும் பறிபோயிற்று.

1527 மே மாதம் புளோரன்ஸில் குடியரசு மீண்டும் மலர்ந்தது. மெடிசி குடும்பத்துக்காகப் பணியாற்றியிருந்த மாக்கியவெல்லிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. ஜூன் 21 இல் அவர் காலமானார். பெருநூல் 1531 இலும் 'இளவரசன்' 1532 இலும் அச்சேறின. 1559 இல் அவரது நூல்கள் அனைத்தையும் திருச்சபை தடைசெய்தது. உலகம் சிறுநூலையே நினைவில் வைத்துக்கொண்டது. பிறரை அடக்கி விரியும் அரசு ஈற்றில் தன் சுதந்திரத்தையும் இழக்கும் என்ற பெருநூலின் எச்சரிக்கையை ஆட்சியாளர்கள் இன்றும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே எமது எண்ணம்.